ஐரோப்பாவில் அமெரிக்கக் கால்பந்து: கொண்டு சென்றவரும் காத்து வளர்த்தவரும்



வரலாற்று வகுப்பில் நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவந்த வினாக்கள் இரண்டு. ஒரு பொருளோ, பழக்கமோ, கலையோ ஒரு நாட்டிலிருந்து வேறொரு நாட்டுக்குச் சென்றதெனில், "அதை அங்கே கொண்டு சென்றவர் யார்?" என்பது முதல் வினா. "அதை அங்கே காத்து வளர்த்தவர் யார்?" என்பது இரண்டாம் வினா. முதல் வினாவுக்கு மாணவர் உடனே விடை கூறுவர். பாடநூலில் ஒரு மன்னர் பெயரோ, மாலுமி பெயரோ அச்சிடப்பட்டிருக்கும். இரண்டாம் வினாவைக் கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். காத்து வளர்த்தவர்களின் பெயர்கள் பாடநூலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இவ்விரு வினாக்களையும் இன்று ஒரு விளையாட்டின் வரலாற்றைக் கொண்டு ஆராய விரும்புகிறேன். அமெரிக்கக் கால்பந்து ஐரோப்பாவுக்குச் சென்றதும், அங்குள்ள கழகங்கள் நாட்டெல்லைகளைக் கடந்து தம்முள் போட்டியிடத் தொடங்கியதுமே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இவ்விளையாட்டு எத்தகையது என்பதைச் சிறிது கூறிவிடுகிறேன். நம் ஊர்த் திடல்களில் ஆடப்படும் கால்பந்தினின்றும் இது முற்றிலும் வேறானது. பந்து உருண்டையன்று, நீண்டு, இரு முனைகளும் கூர்ந்தது. அதைக் காலால் உதைப்பதைவிடக் கையால் எறிவதும், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவதுமே மிகுதி. ஒரு பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். இரு எல்லைக் கோடுகளுக்கும் இடையே 100 கஜ தூரம். பந்தை வைத்திருக்கும் குழுவுக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அந்நான்கனுள் 10 கஜமாவது முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிட்டும். இல்லையேல் பந்து எதிரிகளுக்குப் போய்விடும். எல்லைக் கோட்டைக் கடந்து பந்தைச் சேர்த்தால் 6 புள்ளிகள். இதனை 'டச்டவுன்' என்பர். எனவே இது நிலத்தை அங்குலம் அங்குலமாகப் பிடிக்கும் ஆட்டம். சதுரங்கத்தின் சூழ்ச்சியும் மற்போரின் வலிமையும் இதில் ஒருங்கே வேண்டும்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். தாக்குவதற்கு ஒரு பதினொருவர், தடுப்பதற்கு வேறொரு பதினொருவர், அவர்களுக்கு மாற்றாட்கள் என்று ஒரு கழகத்துக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் தேவைப்படுவர். ஒவ்வொருவருக்கும் தலைக்கவசமும் தோட்கவசமும் வேண்டும். ஒரே ஒரு பந்தும் காலியிடமும் இருந்தால் போதும் என்று சிறுவர்கள் தாமே தொடங்கிவிடக்கூடிய ஆட்டமன்று இது. ஆட்களைச் சேர்க்கவும், பணம் திரட்டவும், கணக்கு வைக்கவும் ஓர் அமைப்பு வேண்டும். அவ்வமைப்பே கழகம்.

இனி முதல் வினாவுக்கு வருவோம். இவ்விளையாட்டை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றவர் அமெரிக்கப் படைவீரர். 1910-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிலேயே லண்டன் நகரத்துக் கிரிஸ்டல் பாலஸ் திடலில் அமெரிக்கப் போர்க்கப்பல்களின் மாலுமிகள் இதனை ஆடிக் காட்டினர். இரண்டாம் உலகப் போரின்போது படைகள் பெருந்தொகையாக வந்திறங்கவே, ஆட்டமும் உடன் வந்தது. 1944-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் லண்டன் வொயிட் சிட்டித் திடலில் அமெரிக்கப் படையினரும் கனடாப் படையினரும் மோதினர். கனடாக் குழு 16-க்கு 6 என்ற கணக்கில் வென்றது. அந்த ஆட்டத்துக்குத் 'தேநீர்க் கிண்ணம்' என்று விளையாட்டாகப் பெயரிட்டிருந்தனர். 1945-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் அமெரிக்கத் தரைப்படையின் ஐந்தாம் சேனைக் குழு, விமானப்படைக் குழுவை 20-க்கு 0 என்று வென்றது. அதற்கு இட்ட பெயர், இத்தாலியர் உண்ணும் 'ஸ்பாகெட்டி'யின் பெயர்!

போட்டிக்குக் 'கிண்ணம்' என்று பெயர் வருவானேன் என்று நீங்கள் கேட்கலாம். 1914-இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் ஒரு பெரிய விளையாட்டரங்கைக் கட்டியது. சுற்றிலும் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, கிண்ணம்போல் அமைந்ததால் அதற்கு 'யேல் பௌல்' என்று பெயர் வந்தது. பின்னர் அரங்கின் பெயர் ஆட்டத்தின் பெயராயிற்று. ஒரு சொல் இடம்விட்டு இடம் பெயர்ந்து பொருள் மாறுவதற்கு இதுவும் ஒரு சான்று.

போர் முடிந்த பின்னும் மேற்கு ஜெர்மனியில் அமெரிக்கப் படைத்தளங்கள் நிலைத்திருந்தன. தளங்களுக்குள் வீரர்கள் ஆண்டுதோறும் இவ்வாட்டத்தை ஆடிவந்தனர். ஆயினும் முப்பது ஆண்டுகள் கழிந்தும் ஜெர்மானிய இளைஞர் இதைத் தமதாக்கிக்கொள்ளவில்லை. இதனை நான் வரலாற்று மாணவர் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தியாகக் கருதுகிறேன். ஒரு பொருள் கண்ணெதிரே இருப்பது வேறு. அதைக் கைக்கொள்வது வேறு. வேலிக்கு அப்பால் ஆடப்படும் ஆட்டம் பார்ப்பவனுக்கு வேடிக்கையாக மட்டுமே இருக்கும். வேலிக்கு இப்பால் ஒருவன் தன் அண்டை வீட்டானை அழைத்து, "நாமும் ஆடுவோம்" என்று கூறும்போதுதான் அது அவ்வூர் விளையாட்டாகும்.

அவ்வாறு கூறியவர்கள் 1977-இல் பிராங்க்பர்ட் நகரில் தோன்றினர். அவர்கள் அமைத்த 'லோவன்' என்னும் கழகமே ஜெர்மனியின் முதற் கழகம்; அப்பெயருக்குச் 'சிங்கங்கள்' என்பது பொருள். 1979-இல் ஜெர்மனியின் முதல் தேசியப் போட்டி நடந்தது. இறுதி ஆட்டத்தில் பிராங்க்பர்ட் கழகம் அன்ஸ்பாக் கழகத்தை 14-க்கு 8 என்று வென்றது. 1980-இல் இத்தாலியிலும் பின்லாந்திலும் தேசியப் போட்டிகள் தொடங்கின. பிரிட்டனில் 1982-இல் ஒரு தொலைக்காட்சி நிலையம் அமெரிக்க ஆட்டங்களை வாரந்தோறும் காட்டத் தொடங்கவே, அங்கும் கழகங்கள் பெருகின. 1983-இல் இத்தாலியின் கஸ்தெல் ஜோர்ஜோ என்னும் சிற்றூரில் தேசியக் குழுக்களுக்கான முதல் ஐரோப்பியப் போட்டி நடைபெற்றது. இறுதி ஆட்டத்தில் இத்தாலி பின்லாந்தை வென்றது.

தேசியக் குழு என்பது சில நாட்களுக்காகத் திரட்டப்படுவது. கழகமோ ஆண்டு முழுதும் வாழ்வது. ஆகவே, ஒவ்வொரு நாட்டிலும் வாகை சூடிய கழகங்களை ஒன்றோடொன்று மோதவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. உருண்டைப் பந்தின் ஆட்டத்தில் 1955 முதலே ஐரோப்பிய வெற்றிக் கழகங்களுக்கான கோப்பைப் போட்டி நடந்துவந்தமையால், முன்மாதிரிக்குக் குறைவில்லை. 1986-இல் முதல் 'யூரோபௌல்' இறுதி ஆட்டம் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்தது. பின்லாந்தின் வான்டா நகரத்து டாஃப்ட் கழகம், இத்தாலியின் பொலோன்யா நகரத்துக் கழகத்தை 20-க்கு 16 என்று வென்றது. அந்த இத்தாலியக் கழகத்தின் பெயர் 'புறாக்கள்'. மற்போர் போன்ற ஆட்டத்துக்குப் புறா என்று பெயர் வைத்தவர்களின் நகைச்சுவையை நீங்களும் பாராட்டுவீர்கள். ஹெல்சிங்கிக் கழகத்துக்குச் 'சேவல்கள்' என்றும், இத்தாலியின் லென்யானோக் கழகத்துக்குத் 'தவளைகள்' என்றும் பெயர்.

1988-இல் ஹெல்சிங்கியும், 1989-இல் லென்யானோவும் வென்றன. அவ்விரண்டு இறுதி ஆட்டங்களிலும் தோற்றது ஒரே கழகம். ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கிரூசேடர்ஸ் கழகம். இருமுறை வாயிலருகே வந்து திரும்பிய அக்கழகம் கலைந்துபோகவில்லை. 1992-இல் மீண்டும் இறுதி ஆட்டத்துக்கு வந்து கோப்பையைக் கைப்பற்றியது. இடையே 1990-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் ஸ்பார்ட்டன்ஸ் வென்றது. 1991-இல் வென்றது பெர்லின் ஆட்லர் கழகம். 1979-இல் அக்கழகம் தோன்றியபோது பெர்லின் நகரத்தைச் சுவர் ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. 1989 நவம்பரில் அச்சுவர் வீழ்ந்தது. 1990-இல் ஜெர்மனி ஒன்றாயிற்று. அடுத்த ஆண்டே ஒன்றுபட்ட நகரத்துக்கு அக்கோப்பை சென்றது.

இப்போட்டிகளில் ஆடியவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்கள். தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் கல்லூரியிலும் பகற்பொழுதைக் கழித்துவிட்டு, மாலையில் பயிற்சிக்கு வந்தவர்கள். ஊதியம் பெறுவதற்கு மாறாகக் கழகத்துக்கு உறுப்பினர் கட்டணம் செலுத்தியவர்கள். பின்லாந்திலிருந்து இத்தாலிக்குச் சென்று ஓர் ஆட்டம் ஆடிவிட்டு, திங்கட்கிழமை காலையில் மீண்டும் வேலைக்குத் திரும்ப வேண்டும். வென்றால் கோப்பை, தோற்றால் பயணக் களைப்பு. பணம் இரண்டிலும் இல்லை.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடித் தேர்ந்த சிலரை அழைத்து வந்து களத்தில் நிறுத்தினால், எந்தக் கழகமும் எளிதில் வென்றுவிடலாம். ஆனால் அவ்வாறு வென்றபின், அவ்வூர்ச் சிறுவன் ஆடுவதற்கு இடம் எங்கே? இதனை உணர்ந்த சம்மேளனங்கள், அமெரிக்காவில் பயின்ற ஆட்டக்காரர் ஒரே சமயத்தில் களத்தில் நிற்பதற்கு வரம்பு விதித்தன. வந்தவரிடம் கற்றுக்கொள்ளலாம், ஆட்டத்தையே அவரிடம் ஒப்படைத்துவிடலாகாது என்பது அவ்விதியின் கருத்து. இன்று வெல்வதா, நாளை வாழ்வதா என்ற வினாவுக்கு அவர்கள் அளித்த விடை இது. பல நாடுகளின் தொழில்வரலாற்றிலும் கல்விவரலாற்றிலும் இதே வினா எழுந்திருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள்.

இக்கழகங்கள் இவ்வாறு மெல்ல வளர்ந்துகொண்டிருக்கையில், மேலிருந்து மற்றொரு முயற்சி வந்தது. அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்துப் பேரவையான என்.எஃப்.எல். என்னும் நிறுவனம், 1991-இல் உலகப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. மொத்தம் பத்துக் குழுக்கள். அவற்றுள் லண்டன், பார்சிலோனா, பிராங்க்பர்ட் ஆகிய மூன்றும் ஐரோப்பாவைச் சேர்ந்தவை. ஆட்டக்காரருள் பெரும்பாலோர் அமெரிக்கர். அவ்வாண்டு ஜூன் 9-ஆம் நாள் லண்டன் வெம்பிளி அரங்கில் இறுதி ஆட்டம் நடந்தது. லண்டன் மோனார்க்ஸ் குழு பார்சிலோனாவை 21-க்கு 0 என்று வென்றதை 61,108 பேர் கண்டனர். ஊர்க்கழகங்களின் ஆட்டங்களுக்கு வருவோரின் எண்ணிக்கையோ மிகச் சிறியது. அன்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த எவரும், எதிர்காலம் பணம் படைத்த புதிய போட்டிக்கே உரியது என்றுதான் கூறியிருப்பர்.

நடந்தது என்ன? 1992-க்குப் பின் அப்போட்டி நிறுத்தப்பட்டது. 1995-இல் ஐரோப்பாவில் மட்டும் ஆறு குழுக்களோடு மீண்டும் தொடங்கப்பட்டது. வெம்பிளியில் முடிசூடிய லண்டன் குழு 1998-ஆம் ஆண்டோடு மறைந்தது. பிற நகரங்களிலும் குழுக்கள் மூடப்பட்டுப் புதியவை திறக்கப்பட்டன. 2007-இல் எஞ்சியிருந்த ஆறனுள் ஐந்து ஜெர்மானியக் குழுக்கள். அவ்வாண்டு ஜூன் 23-ஆம் நாள் பிராங்க்பர்ட் நகரில் நடந்த இறுதி ஆட்டத்துக்கு 48,125 பேர் வந்திருந்தனர். ஹாம்பர்க் குழு பிராங்க்பர்ட் குழுவை 37-க்கு 28 என்று வென்றது. ஆறு நாட்கள் கழிந்தன. ஜூன் 29-ஆம் நாள், அப்போட்டி அடியோடு மூடப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 3 கோடி டாலர் நட்டம் என்று அக்காலச் செய்தித்தாள்கள் எழுதின. கண்டு களித்த மக்களுடைய கருத்தை எவரும் கேட்கவில்லை. கேட்கக் கடமைப்பட்டவரும் எவரும் இலர். உரிமை கடலுக்கு அப்பால் இருந்தது.

நடுநிலை தவறாது கூறுவதெனில், அம்முயற்சி பயனற்றுப் போயிற்று என்று சொல்ல முடியாது. 1998-இல் ஆம்ஸ்டர்டாம் குழுவில் ஆடிய கர்ட் வார்னர் என்னும் அமெரிக்கர், 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் தம் நாட்டின் தலையாய கோப்பையையே தம் குழுவுக்கு வென்று தந்தார். பார்சிலோனாவின் உருண்டைப் பந்துக் குழுவில் இலக்குக் காவலராக இருந்த ஹெசூஸ் அங்கோய், இவ்வாட்டத்துக்கு மாறி அந்நகரத்துக் குழுவின் உதையாளராகப் பல ஆண்டுகள் விளங்கினார். பல்லாயிரம் மக்களுக்கு இவ்விளையாட்டின் சுவையை அறிமுகப்படுத்தியதும் அப்போட்டியே. கொண்டு வந்தவர் என்ற பெருமை அதற்குண்டு. காத்து வளர்த்தவர் என்ற பெயர் மட்டும் அதற்குக் கிட்டவில்லை.

அப்பெயர் ஊர்க்கழகங்களுக்கே உரியது. பணக்காரப் போட்டி தோன்றி, நின்று, மீண்டு, மறைந்த அந்தப் பதினேழு ஆண்டுகளிலும் யூரோபௌல் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது. 1993, 1994 ஆகிய ஆண்டுகளில் லண்டன் ஒலிம்பியன்ஸ் வென்றது. 1996 முதல் 1998 வரை ஹாம்பர்க் புளூ டெவில்ஸ், 2000 முதல் 2002 வரை இத்தாலியின் பெர்கமோ லயன்ஸ், 2004 முதல் 2007 வரை வியன்னா வைக்கிங்ஸ் என்று கழகங்கள் தொடர்வெற்றி பெற்றன. ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரத்துக் கழகம் 1999-இலும் 2003-இலும் வென்று, பின்னர் 2015, 2016, 2017 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. இவ்வெற்றிகளுக்கு அடித்தளம் சிறுவர் குழுக்கள். பத்து வயதில் தலைக்கவசம் அணிந்தவன் இருபது வயதில் முதற்குழுவுக்கு வந்தான். நாற்பது வயதில் பயிற்சியாளனாகவோ, கழகத்தின் பொருளாளனாகவோ ஆனான்.

சிற்றூர்களும் இதில் பின்தங்கவில்லை. சுவிட்சர்லாந்தின் மலைப்பகுதியில் கூர் என்றொரு நகரம் உண்டு. 2012-இல் அதன் மக்கள்தொகை 40,000-க்கும் குறைவாக இருந்தது. அந்நகரைச் சேர்ந்த கலண்டா பிராங்கோஸ் கழகம், 2012-இல் யூரோபௌல் இறுதி ஆட்டத்தில் வியன்னாவின் பெருங்கழகத்தை 27-க்கு 14 என்று வென்றது. ஆட்டம் நடந்த இடம், லீக்டன்ஸ்டைன் என்னும் மிகச் சிறிய நாட்டின் தலைநகரமான வாடுஸ். மேலிருந்து திட்டமிடுபவர் எவரும் தம் வரைபடத்தில் அவ்வூரைக் குறித்திருக்கமாட்டார். போலந்திலோ தேசியப் போட்டியே 2006-இல்தான் தொடங்கிற்று. பத்தே ஆண்டுகளில் அந்நாட்டின் வ்ரோட்ஸ்வாஃப் நகரத்துக் கழகம், ஐரோப்பியக் கழகங்களுக்கான மற்றொரு போட்டியில் வாகை சூடியது.

2007-இல் பிராங்க்பர்ட் மக்கள் செய்ததையும் கூறவேண்டும். தம் குழு மூடப்பட்டதென்று அறிந்தபின் அவர்கள் வெறுமனே வருந்திக்கொண்டிருக்கவில்லை. அவ்வாண்டிலேயே 'யுனிவர்ஸ்' என்னும் புதிய கழகத்தை அந்நகரில் நிறுவினர். அது ஜெர்மானியப் போட்டியின் கீழ்ப்படியிலிருந்து தொடங்கி, படிப்படியாக ஏறி, பத்தாண்டுகள் அளவில் யூரோபௌல் இறுதி ஆட்டத்தில் ஆடும் நிலையை அடைந்தது.

கழகங்களின் உலகில் குறையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். 2015 முதல் இவ்விளையாட்டின் உலகச் சம்மேளனம் இரண்டாகப் பிளந்தது. நாங்களே உண்மையான சம்மேளனம் என்று இரு பிரிவினரும் வழக்காடினர். 2018-இல் விளையாட்டு வழக்குகளுக்கான நடுவர் மன்றம் தீர்ப்பளிக்கும் வரை அக்குழப்பம் நீடித்தது. தலைவர்கள் பூசலிட்ட அவ்வாண்டுகளில் துன்புற்றவர், களத்தில் ஆட விரும்பிய இளைஞரே. பதவி ஆசை பணத்தைப் போலவே ஒரு நல்ல அமைப்பைச் சிதைக்கவல்லது.

2021-இல் ஐரோப்பாவில் புதிய தொழில்முறைப் போட்டி ஒன்று தொடங்கியது. பிராங்க்பர்ட், ஹாம்பர்க், பார்சிலோனா ஆகிய நகரங்களின் பழைய குழுப்பெயர்கள் மீண்டும் கொடியேறின. முதலாண்டில் பிராங்க்பர்ட் ஹாம்பர்க்கை 32-க்கு 30 என்று வென்றது. ஆனால் 1991-க்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்று களத்தை நிரப்பியவர் அமெரிக்கர். இம்முறை நிரப்பியவருள் பெரும்பாலோர் ஐரோப்பியர். அவ்வளவு ஆட்டக்காரர் எங்கிருந்து வந்தனர்? நாற்பது ஆண்டுகளாக ஊர்க்கழகங்கள் பயிற்றுவித்த பிள்ளைகள் அவர்கள். வியன்னாக் கழகமும் இன்ஸ்பிரூக் நகரத்துக் கழகமும் 2022-இல் அப்போட்டியிலேயே சேர்ந்துகொண்டன. பெரிய கட்டடத்தை எவரும் எழுப்பலாம். அதற்கான செங்கல்லைச் சுட்டு வைத்தவர் முன்னரே இருந்தார் என்பதை மறக்கலாகாது.

நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு செய்தியும் உண்டு. 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் அமெரிக்கக் கால்பந்து காட்சி ஆட்டமாக மட்டும் ஆடப்பட்டது. அதே நகரில் 2028-இல் நடைபெறும் விழாவில், இவ்விளையாட்டின் எளிய வடிவம் ஒன்றைச் சேர்ப்பதென்று 2023 அக்டோபரில் முடிவு செய்யப்பட்டது. அதில் ஒரு பக்கத்துக்கு ஐவர். மோதி வீழ்த்துதல் இல்லை. இடுப்பில் கட்டிய துணிப்பட்டையைப் பறித்தால் ஓடுபவர் நிற்கவேண்டும். அம்முடிவு எடுக்கப்பட்ட இடம் நம் மும்பை நகரம். கிரிக்கெட்டும் அதே கூட்டத்தில்தான் சேர்க்கப்பட்டது. கவசச் செலவு இல்லாத இவ்வடிவம் ஏழைப் பள்ளிகளுக்கும் எட்டக்கூடியது.

மாணவ மாணவியரே! உங்கள் ஊரிலும் ஒரு நூலகமோ, நாடகக் குழுவோ, விளையாட்டுக் கழகமோ இருக்கும். அதன் சுவரில் பதித்த கல்லில் திறந்துவைத்தவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படியுங்கள், படிப்பது நன்றே. பின்னர் உள்ளே சென்று, அதன் பழைய வரவு செலவுக் கணக்கேட்டைக் காட்டுமாறு கேளுங்கள். மாதந்தோறும் சந்தா செலுத்தியவர், பந்து வாங்கி வந்தவர், விளக்கேற்றி வைத்தவர், வெற்றியிலும் தோல்வியிலும் விலகாதிருந்தவர் ஆகியோரின் பெயர்கள் அங்கே கிடைக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு வந்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். இரண்டாம் வினாவுக்கு விடை அங்கே இருக்கிறது.